இல்லாததும் விடாததும்

இரவு ஒன்று நாற்பது.
உட்துறைமுக வீதியில் அவுட்போட் எஞ்சின் சாமான் விற்கும்
கடைக்கு மேல்மாடி.
உள்ளங்கை அளவில் ஒரு பலகை,
நாளை மறுநாள் பலநாள் படகில் ஏற வேண்டியது,
நாலாம் முறையாகச் செத்துக் கிடக்கிறது.

செத்தது என்று சொல்லாதே என்கிறாள் முஷ்பிரா.
"தன்னத் தானே நிப்பாட்டிக்கிட்டு. அதுக்கொரு மரியாத இருக்கு."
கிண்ணியாவுக்குக் கடைசி பஸ்ஸை விட்டவள்
விசைப்பலகைக்கு மேலேயே இடியப்பப் பொதியைப் பிரிக்கிறாள்.

திரையில் ஒரே வரி: தொட்ட முகவரி, 82C490.
காரணம் இல்லை, புலம்பல் இல்லை.
தடுக்கிய கணத்தில் செயலி செய்வது இவ்வளவுதான்.
கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு
முகவரியைத் துண்டில் எழுதிக்கொண்டு
கெர்னலின் கதவைத் தட்டும்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவனை எழுதியது நான்.
அவனுக்கு ஒரு கேள்வி சொல்லிக்கொடுத்திருந்தேன்:
அந்தப் பக்கம் இல்லையா,
இருந்தும் விடவில்லையா?

இல்லையென்றால் பாதகமில்லை.
ஓடிப்போய் ஒரு பக்கம் எடுத்துவந்து விரித்து,
தடுக்கிய அதே கட்டளையை
இன்னொருமுறை செய் என்று அனுப்பிவிடலாம்.
தான் தடுக்கியதே அதற்குத் தெரியாது.
யாரோ அவசரமாக விரித்த பாயில்
தாமாக வந்து உட்கார்ந்ததாய் நினைப்பவர்கள் போல.

விடவில்லையென்றால் வேறு கதை.
வாசிக்கலாம், எழுதக் கூடாது.
அம்மாவின் சம்பூர்க் காணி ஒன்பது வருடம் அப்படி இருந்தது.
செய்மதிப் படத்தைப் பெரிதாக்கினால்
கிணறு தெரியும், கூரையில்லாத இரண்டு சுவர் தெரியும்,
கால் வைக்க முடியாது.
பிறகு கந்தோரிலிருந்து ஒரு கடிதம்:
அவ்வாறானதொரு காணி பதிவில் இல்லை.

விடாததை இல்லாதது என்று எழுதிய
அந்தக் கிளாக்கரின் மேல் எனக்கு இன்னும் கோபம்.
தொழில்முறைக் கோபம்.
பிழைக்குறியைப் பிழையாகத் திருப்பியவர்.

"இஞ்ச பாரு," முஷ்பிரா விரலைத் துடைக்கிறாள்.
கல்குலேட்டரில் பதின்மத்துக்கு மாற்றியிருக்கிறாள்:
எண்பத்தைந்து இலட்சத்து எழுபதாயிரம்.
எட்டுப் பாகை, தசம் ஐந்து ஏழு.
"இது முகவரி இல்ல. நம்மட ஊரு."

கொஞ்ச நேரம் சிரித்தோம்.
நிரல் திரும்பிப் போக வேண்டிய வழியின் மேல்
திருகோணமலையின் அகலாங்கை யாரோ எழுதிவிட,
அதை முகவரி என்று நம்பி
அது ஊருக்கே வரப் பார்த்திருக்கிறது.

யாரோ இல்லை.
அடுக்கு நிரம்பினால் முட்டி நிற்கட்டும் என்று
அதன் அடியில் ஒரு பக்கம் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தோம்.
அடுக்கு நிரம்பியது, முட்டியது, கதவு தட்டப்பட்டது.
என் ஆள் பார்த்தான். பக்கம் இல்லை.
அடடா என்று பாய் விரித்தான்.
அடுக்கு தாராளமாக இறங்கிப்போய்
பக்கத்து வளவில் குடியேறியது,
ஜிபிஎஸ் தன் எண்களை எழுதி வைக்கும் வளவில்.

இல்லாதது, விடாதது,
இல்லாமல் இருக்கட்டும் என்று விட்டது.
மூன்றாவதை நான் கேட்கவே இல்லை.
பதிவேட்டைப் புரட்டாமல்
ஒரு பிட்டைப் பார்த்து முடிவெடுத்தேன்.
கந்தோர்க் கதிரை என்னையும் கொள்ளும் போல.

ஏழு வரி மாற்றம். மூன்று கிழமை.
வேண்டுமென்றே அடுக்கை நிரப்பினோம்.
காலிப் பக்கத்தில் முட்டியது,
முகவரியைச் சொன்னது, நின்றது.
முஷ்பிரா மிச்சச் சம்பலை வழித்துத் தின்றாள்.

கீழே கடைக்காரர் ஷட்டரைத் தூக்குமுன்பே
பெனடிக்ற் அண்ணை படியேறி வந்துவிட்டார்.
பலகையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.
"நடுக்கடலில நிண்டிடாதே பிள்ளை?"

நிற்கும் அண்ணை, என்றேன்.
நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.

அவருக்கு அது பிடிக்கவில்லை.