மூன்றாம் மெய்ப்பு

பெரியகடை வீதியில் மாடிப்படிக்கு அடியில் என் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர்,
கரண்ட் போனால் பன்னிரண்டு நிமிடம் தாங்கும் பேட்டரி.
இணைச்சீர் நேரம் போட்ட கல்யாணப் பத்திரிகைக்கும்
நூல்மில் லெட்டர்பேடுக்கும் நடுவில்
ஃபாதர் எரோணிமுஸின் கையெழுத்துப் பிரதி,
நானூற்றுப் பதினொரு பக்கம்.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய். திருத்தத்துக்குக் காசில்லை.

நான் வேதக்காரி இல்லை.
ஆனால் எழுத்தெழுத்தாய் அடிப்பவளுக்கு
விரலில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

ஒட்டியது இவ்வளவு:
அச்சு வருமுன் வேதத்தைக்
கையால் எழுதி எழுதித்தான் கொடுத்தார்கள்.
ஒரே மாதிரி முடிகிற இரண்டு வரிகளில்
எழுதுகிறவன் கண் முதலாவதில் கால் வைத்து
இரண்டாவதில் இறங்கிவிடும்.
நடுவில் இருந்தது போயிற்று, ஆயிரம் வருசத்துக்கு.
(இதை அடிக்கும்போதே நானும் ஒரு வரி தாவியிருந்தேன்.
முதல் புரூஃபில் பச்சை மையால் வளைத்து
ஓரத்தில் எழுதினார்:
அலெக்சாந்திரியாவில் உனக்கொரு அண்ணன் இருந்தான்.)

ஏழாம் அதிகாரம் எனக்குப் பிடிபடவில்லை.
நாம் பார்ப்பது பொருளை அல்ல,
நம் கண் அதற்குத் தைத்துப் போட்ட சட்டையை என்று
ஜெர்மன்காரர் ஒருவர் சொன்னாராம்.
சட்டைக்குள்ள ஆள் இருக்குதுங்களா, கேட்டேன்.
"அதுக்குத்தானம்மா நாற்பது பக்கம்."

ஒரு மத்தியானம் கரண்ட் போய், பேட்டரியும் ஓய்ந்தது.
இருட்டு அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.
"பட்டத்துக்கு முந்தி மண்டிபோட்டு
ஒரு சத்தியம் எடுத்தேன்.
நான் இப்ப எழுதற மாதிரி எழுதமாட்டேன்னு. லத்தீன்ல.
ஏழு வருசத்துல ரோமாபுரியே அந்தச் சத்தியத்த எடுத்துட்டுது.
என் வாயிலிருந்து யாரும் எடுக்கல."
விசிறி சுற்றியது. ஃபைல் பிழைத்திருந்தது.
மறுபடி அவர் அதைப் பேசவில்லை.

கடைசி அதிகாரம், கல்லறை.
விடியக் காலையில் வாசனைத் தைலத்தோடு போன பெண்கள்
அவர் அங்கே இல்லை என்று கேட்டு ஓடினார்கள்.
பயத்தில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.
மிகப் பழைய பிரதிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன,
மிச்சமெல்லாம் பின்னால் வந்த கை, என்று எழுதியிருந்தார்.
அதோடு அவர் தாளும் நின்றிருந்தது.

அடுத்த பக்கத்தைத் தேடினேன்,
மேசைக்கடியில், ஸ்கேனர் மூடிக்குள்,
சாப்பாட்டுப் பையில்.
அன்றைக்குக் கோனியம்மன் தேர்.
வந்து போன செருப்புகளெல்லாம் உப்பைக் கொண்டுவந்து
என் தரையில் நறநறவென்று விட்டுப்போயிருந்தன.
இப்படியா ஒருத்தர் நிறுத்துவார்?
ராத்திரி ஒன்பதரைக்கு,
அதே எழுத்துருவில், அதே பன்னிரண்டு புள்ளி அளவில்
அடித்தேன்:
பிறகு சொன்னார்கள்.

இரண்டாம் புரூஃபில் அவர் கண் அதைத் தாவிவிட்டது.
மூன்றாவதில் பச்சைப் பேனா நின்றது.
"இது யார் வரி?"
"என்னுதுங்."
"எதுக்கு?"
"ஒருத்தருகிட்டயும் சொல்லாமயே இருந்திருந்தா
உங்களுக்கு எப்படிங் தெரிஞ்சுது?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.
போட்டார். கழற்றினார்.
வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் யாரையோ திட்டி முடிக்கும்வரை
ஒன்றும் பேசவில்லை.
பிறகு என் வரியை ஒரே கோட்டில் அடித்தார்.
நான் மவுசைப் பிடித்தேன்.
"பொறு" என்று,
அடித்த வரிக்குக் கீழே வரிசையாய்ப் புள்ளி வைத்தார்.
எங்கள் தொழிலில் அதற்கு
இருக்கட்டும் என்று அர்த்தம்.
அடிக்குறிப்பும் அவரே எழுதினார்:
"ஆசிரியருடையதன்று.
கோயமுத்தூர்ப் பிரதியில் மட்டும் காணப்படுகிறது."

பிஷப் வீட்டிலிருந்து அனுமதி இன்னும் வரவில்லை.
கடைசித் தவணை முந்நூறு ரூபாயும் பாக்கி.
இரண்டு சிடியில் எடுத்து வைத்திருக்கிறேன்.
எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால்
இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க்
கன்னாபின்னாவென்று கிடக்கிறது.
கடைசிப் பக்கம்வரை உருட்டிப் பார்ப்பேன்.
அந்தக் கிறுக்கலில் எது என் வரி என்று
எனக்குத் தெரியும்.