கெஸ்ட் எங்கே

சங்கிலியை இறக்கிவிட்டு
விஜேபால கேட்டார், கெஸ்ட் எங்கே என்று.
எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
உள்ளே கசங்காத கட்டில்,
ஒற்றை அடுப்பு, மடக்கு மேசை.

நாங்கதான் என்றார் பிரகாசம்,
சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
இரண்டாவது தனக்கே சொன்னதுபோல் இருந்தது.

ஜெர்மன்காரர் இருவருக்கும் கட்டுநாயக்காவில் காய்ச்சல்.
முற்பணம் திருப்பியாயிற்று.
ஐஸ் பெட்டியில் அவர்களுக்கு வாங்கிய பட்டரும்
பத்து முட்டையும் சோசேஜும் கிடந்தன.
ஸ்கூல் வேனாக ஒன்பது வருசம்,
கொரோனாவில் சீட்டுகளைக் கழற்றிய பிறகு
வீடாக நாலு வருசம்.
லீசிங் கட்டுறது நாம, படுக்கிறது ஊரார்,
ஒரு ராத்திரி நாம படுத்தா தேய்ஞ்சா போயிரும் என்று
டிக்கோயாவிலிருந்து லிந்துலை தாண்டும்வரை
சொல்லிக்கொண்டே வந்தார்.
நான் முட்டையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிரதேச சபையின் புத்தகத்தில் நாடு என்று ஒரு கட்டம்.
மேலே பிரான்ஸ், இஸ்ரேல், போலந்து, மறுபடி பிரான்ஸ்.
பேனையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.
டிக்கோயா என்று எழுதினேன்.
விஜேபால பார்த்தார். வெட்டவில்லை.
உள்ளூராருக்கு எவ்வளவென்று அவருக்கும் தெரியவில்லை,
அலுமாரியைத் திறந்து பழைய கடதாசி ஒன்றைத் தேடினார்.

ஆக்ரா ஓயா இங்கே அகலமில்லை.
கல்லுக்குக் கல் தாண்டிவிடலாம் போல் இருக்கும்,
தாண்ட முடியாது.
அக்கரையில் தேயிலை.
அதை இன்றைக்காவது பார்க்கக்கூடாதென்று
கதிரையைத் திருப்பிப் போட்டேன்.
ஆறும் மறைந்துவிட்டது, பாதி திருப்பினேன்.
சோசேஜை வெட்டி
பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டு வதக்கி
ரொட்டிக்கு வைத்துத் தின்றோம்.
பட்டர் நல்ல பட்டர்.

எட்டு மணிக்கே படுத்தாயிற்று.
அவருக்குக் கால் நீட்ட இடம் போதவில்லை.
அத்தனை உயரமான ஆட்கள்
எப்படித்தான் மடங்கினார்களோ என்றார்.
சொல்லி முடிக்குமுன் குறட்டை.

வேனில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம், கெஸ்ட் எழுத.
போன மார்கழியில் ஒருத்தி எழுதியிருந்தாள்:
ஆறு விடவில்லை, இரவு முழுக்க விழித்திருந்தேன்.
மகன்தான் வாசித்துச் சொன்னான்.
குறை சொல்கிறாள் என்று
இரண்டாயிரம் ரூபா திருப்பிக் கொடுத்தோம்.
அவள் காசையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தகரத்துக்கு இந்தப் பக்கம் கிடந்து கேட்டேன்.
ஒரே சத்தம்தான் என்று பகலில் நினைத்திருந்தேன்.
அடியில் கல் உருளுகிறது.
மேலே யாரோ துணி அலசுவதுபோல் ஒன்று.
நடுவில் ஒன்றுமே இல்லாத ஓர் இடம்,
காது அதற்குள் போய்ப் போய் வருகிறது.
பன்னிரண்டு மணியிருக்கும், அவரை உலுப்பினேன்.
அந்தப் புள்ள குறை சொல்லலங்க.
எந்தப் புள்ள, என்றார்.

இரண்டரைக்கு டோர்ச் வெளிச்சம்.
விஜேபால கண்ணாடியில் தட்டினார்.
மேல மழை, தண்ணி ஏறுது,
வண்டிய கொஞ்சம் பின்னுக்கு எடுங்க, நோனா.
நோனா என்றது யாரையென்று
இருட்டில் நானும் திரும்பிப் பார்த்தேன்.

சாரத்தோடு பிரகாசம் ரிவர்ஸ் எடுத்தார்.
நான் இறங்கவில்லை.
படுத்தபடியே பின்னுக்குப் போனேன்,
யன்னலில் மலை மெதுவாக முன்னுக்குப் போனது.

தலையணையில் முடி பொறுக்குவது என் வேலை.
மஞ்சள், செம்பட்டை, ஒருமுறை நீலம்.
விடிந்ததும் பார்த்தேன்,
நீளமாய் ஒரு கறுப்பு, அடியில் விரலளவு வெள்ளை.
அடுத்த புக்கிங் வெள்ளிக்கிழமை.
இன்றைக்குச் செவ்வாய்தானே.