மூன்றரை லீற்றர்

மீற்றர் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் காட்டுகிறது.
அதற்கு முன்னம் ஜப்பானில் யாருக்கு எதை ஏற்றி இறக்கியதோ,
மீற்றருக்கே தெரியாது.
கதவின் உட்புறம் இன்னும் ஒரு ஸ்டிக்கர்,
வாசிக்க முடியாத எழுத்தில்.
மரக்கறிக்கடை விளம்பரம் என்று நானாக முடிவெடுத்தேன்.

ஓட்டோமற்றிக் லொறி வன்னிக்குச் சரிவராது என்று
வாங்கின அன்றே சொல்ல வந்தவர்கள்
என் இடது முழங்காலுக்குக் கீழே பார்த்துவிட்டு
பேச்சை மழைக்குத் திருப்பினார்கள்.
கிளச் மிதிக்க அந்தக் கால் உதவாது.
அவ்வளவுதான் கதை.

ஒட்டுசுட்டானில் கச்சான் ஏற்றி
மாங்குளத்தில் வடக்கே திரும்பி
முறிகண்டிக் கடைகளுக்குப் பாதி, கிளிநொச்சிக்கு மீதி.
ஐந்து வருஷம் முணுமுணுக்காமல் ஓடினது
இந்தப் பங்குனியில் யோசிக்கத் தொடங்கிற்று.
டி-க்குத் தள்ளினால்
ஒன்று
இரண்டு
பிறகுதான் முதுகில் ஒரு உதை.
ஒலுமடுப் பக்கம் சின்ன ஏற்றத்தில்
எஞ்சின் கத்தும், சில்லு கேளாது.

வவுனியாவில் ஒருவர்: ஒயிலை மாத்து, எல்லாம் சரிவரும்.
பரந்தனில் ஒருவர்: தொட்டால் படுத்திடும்,
இத்தனை வருஷத்து ஊத்தைதான்
உள்ளுக்கை தட்டுகளைப் பிடிச்சு வைச்சிருக்கு.
இரண்டு பேரும் உறுதியாகச் சொன்னார்கள்.
இரண்டு பேரும் லொறிக்குக் கீழே குனியவில்லை.

மாங்குளத்தில் தயாநேசன் ஒன்றும் சொல்லாமல்
ஒயில் கம்பியை இழுத்து
மகளின் பழைய கணக்குக் கொப்பியில் ஒரு சொட்டு விட்டான்.
கோப்பிக் கசாயம் மாதிரிப் பரவிற்று.
மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.
கருகின கச்சான்.
"எவ்வளவு கருகல் அக்கா? உங்களுக்குத்தானே தெரியும்."
"இன்னும் விக்கலாம்" என்றேன்.

"அப்ப முழுக்க வேண்டாம்.
வடியிறதை வடிய விடுவம், மிச்சம் உள்ளுக்கை கிடக்கட்டும்.
ஆயிரம் கிலோமீற்றர் ஓடிப்போட்டுத் திரும்ப வாங்கோ.
பிறகும் ஒருக்கா. அவசரப்படுத்தக் கூடாது."

தாச்சியைக் கழற்றினான். அடியில் ஒட்டியிருந்த காந்தத்தில்
குழைத்த திருநீறு போல ஒரு சாம்பல் சேறு.
இரு விரலுக்கிடையில் வைத்து அரைத்தான், கண்ணை மூடிக்கொண்டு,
முள் பார்க்கிறவன் மாதிரி.
"தூள்தான். துண்டு ஒண்டும் இல்லை."
எனக்கு மூச்சு வந்தது.

புதுக் கால் தந்த நாளில் எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள்:
இன்றைக்கு ஒரு மணித்தியாலம், நாளைக்கு இரண்டு.
நான் அன்றே பஸ் ஏறிச் சந்தைக்குப் போனேன்.
தோல் உரிந்து பத்து நாள் பாயில் கிடந்தேன்.
தயாநேசனிடம் இதைச் சொல்லவில்லை.
கொப்பியின் அதே பக்கத்தில்
மீற்றர் எண்ணோடு ஆயிரத்தைக் கூட்டி எழுதச் சொன்னேன்.

வடிந்ததைப் போத்தல்களில் ஊற்றி அளந்தான். மூன்றரை.
அதே அளவு புதிது, ஒரு துளி கூடாமல்.
நெக்டோ நிறம். ஒரு மூடைக் கச்சானின் காசு.
எஞ்சின் ஓட ஓட
பிறேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டு
ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்று வந்தேன்.
அவன் கீழே படுத்திருந்து காது கொடுத்தான்.
"போங்கோ" என்றான். கையை மட்டும் காட்டினான்.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும், நானும் நின்றேன்.
மூடைகள் இறங்கின. கர்ப்பூரப் புகை கண்ணாடியில் மோதிப் போயிற்று.
பிள்ளையாரிடம் கேட்க ஒன்றும் வாயில் வரவில்லை.
பழைய கறுப்பும் புதுச் சிவப்பும்
இந்நேரம் உள்ளே ஒன்றையொன்று
என்ன செய்துகொண்டிருக்கும் என்றுதான் ஓடியது.

டி.
ஒன்று,
இரண்டு சொல்ல வாய் திறக்க முன்
சில்லுக்குக் கீழே சரளைக்கல் நெரிந்தது.

ஆயிரத்தில் ஒரு இருபது கழிந்தது.