கிலோவில் வராத மீன்கள்

ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் காட் மீன்
என் கத்தியைக் கடந்து போகிறது.
தலையில்லாமல்தான் வரும்.
முகம் பார்த்து ஒரு மீனை
நான் தேர்ந்தெடுத்ததே இல்லை.

நவம்பர் கடைசியில் பாட்ஸ்ஃபியூரை விட்டுப் போன சூரியன்
ஜனவரி இருபதுவரை தலைகாட்டாது.
அந்த இருட்டில்தான் யுர்கிதா கேட்டாள்:
மீன் வாங்கலாமா? உயிரோடு.
"உயிரோடு" என்பதை அழுத்திச் சொன்னாள்.
அவளும் எங்கள் வரிசைதான்,
முள் எடுக்கும் மேஜை, எண் ஏழு.

தொட்டி அறுபது லிட்டர்.
எடைச்சீட்டின் பின்பக்கம் பட்டியல் போட்டோம்.
ஏஞ்சல் என்றேன், பாய்மரம் விரித்த மாதிரி நிற்குமே.
வளர்ந்தால் இந்தத் தொட்டி அதற்கு அலமாரி,
கூட இருக்கும் பொடிசுகளை விழுங்கிவிடும் என்றாள்.
சரி, கப்பி.
நம் குழாயில் வருவது பனி உருகிய தண்ணீர்,
சுண்ணாம்பு ஒட்டாத மெல்லிய தண்ணீர்,
கப்பிக்கு ஆகாது.
தங்கமீன் என்று வாயெடுத்தேன்.
அவள் பார்த்த பார்வையில் நானே அடித்துவிட்டேன்.

பிடித்ததையெல்லாம் அடித்தபின்
தண்ணீருக்குப் பிடித்தது மிஞ்சியது:
கார்டினல் டெட்ரா பத்து,
மணலை முகர்ந்து திரியும் குட்டிக் கெளுத்தி ஆறு.
ஒன்றிரண்டாக வாங்கக் கூடாதாம்,
கூட்டமில்லாவிட்டால் பயந்தே செத்துப்போகும்.
லிதுவேனியாவிலிருந்து தனியாக வந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி
அவள் அப்போது ஏதும் சொல்லவில்லை.
ஆறை எட்டாக்கினாள்,
யோசித்து மறுபடி ஆறாக்கினாள்.

செடி முதலில். ஓஸ்லோவிலிருந்து தபாலில்.
மலைச்சாலை மூன்று நாள் மூடிக் கிடந்தது.
பிரித்தால்
வாலிஸ்னேரியா, வெந்த கீரை.
கிரிப்டோகோரைன் விரலிடுக்கில் வழிந்தது.
அனுபியாஸின் கிழங்கு மட்டும்
அழுத்திய கட்டைவிரலை எதிர்த்தது.
கறுப்பு நூலால் அதைக் கல்லில் கட்டினோம்,
பக்கத்தில் ஒரு பிடி ஜாவா பாசி.
விளக்கு பத்துக்கு எரியும், ஆறுக்கு அணையும்.
ஊரில் வேறெங்கும் பகல் கிடையாது.
காபித்தூள் கேட்டு வந்த ஒட்லைஃப்
வாங்காமலே போனார்,
அரைமணி நேரம் கல்லைப் பார்த்துவிட்டு.

மீனில்லாமல் ஐந்து வாரம்.
சோதனைக் குழாயைக் குலுக்கிக்
குலுக்கிப் பார்த்தோம்,
அம்மோனியா இன்னும் பச்சைதான்.
கண்ணுக்குத் தெரியாத யாரோ குடிவரக் காத்திருக்கிறோம்,
கூடுதல் வேலைக்கு வர முடியாது என்று
ஃபோர்மேனிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாவது வாரம் கண்ணாடியில் ஒரு நத்தை.
மிளகளவு. பட்டியலில் இல்லாதது.
தூக்கிப் போடு என்றேன்.
அத்தனை செடியும் செத்த பொட்டலத்தில்
இது பிழைத்து வந்திருக்கு,
நீயே போடு என்றாள்.
நான் போடவில்லை.

பிப்ரவரியில் குழாய் மஞ்சளானது.
கிர்கெனெஸ் கடை ராக்ன்ஃப்ரிட்
கப்பலில் பெட்டி ஏற்றிவிட்டாள்.
படகுத்துறையில் கைக்கு வந்ததும் திடுக்கிட்டேன்.
நாங்கள் நாள் முழுக்க அடைக்கிற அதே வெள்ளைத் தெர்மோகோல்,
அதே மூடி, அதே ஒட்டுநாடா.
கை பழக்கத்தில் எடை போட்டது.
தண்ணீரைக் கழித்தால்
ஒரு கோழிமுட்டைகூடத் தேறாது.
எங்கள் பெட்டி ஐஸோடு வெளியே போகும்.
இது வெந்நீர்ப் புட்டியோடு உள்ளே வருகிறது.
மைனஸ் பதினான்கில் யுர்கிதா
தன் கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்தினாள்.

பையை மிதக்கவிட்டு நாற்பது நிமிடம்.
கத்தி பிடிக்கிற கை
வலையைப் பிடிக்க நடுங்கியது.

மறுநாள் கடைசியாகக் கிளம்பியது நான்தான்.
ஆலை இரைச்சலில் பேச்சு எடுபடாது.
மேஜை ஏழிலிருந்து கையுறை விரல்களை விரித்தாள்:
பத்து, பிறகு ஆறு.
இருக்கா?

பத்து காட்டினேன். ஆறு காட்டினேன்.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.