சேர்மானம்

சம்பளம் விழுந்த வெள்ளிக்கிழமை,
ஹட்டன் சுப்பர் மார்க்கட்டின் கீழ்த்தட்டு முன்னால்
குந்தியிருக்கிறேன்,
போத்தல்களின் முதுகைப் படித்தபடி.
முகத்தில் எல்லாவற்றுக்கும் இலையும் பழமும்.
முதுகில்தான் விஷயம், மூன்று பாஷையில்,
தமிழ் கடைசியில், எறும்பளவில்.

ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தபிறகு
வங்கியில் பக்கத்துக் கவுண்டர் நிலுக்ஷிதான்
பேலியோ என்றாள்.
சோறில்லை, ரொட்டியில்லை, பருப்பில்லை,
சீனி இல்லவே இல்லை.
வயல் வருமுன்னே மனிதர் தின்றதைத் தின்.
எங்கள் ஆட்களுக்கு வயலே இருந்ததில்லை, நிலுக்ஷி.
கோதுமை மா மட்டும்
எப்படியோ லயம் லயமாய் வந்து சேர்ந்தது.

மோல்ட் வினாகிரி: பார்லி. வை கீழே.
வெள்ளை வினாகிரி: 'செயற்கை' என்று
தானே ஒத்துக்கொள்கிறது.
அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். வை கீழே.
பல்சாமிக்: கறுப்பு, மினுக்கு, கேரமல் பூச்சு.
அப்புறம் ஒரு சலாட் டிரெஸிங்,
பெயர் 'தோட்டத்துப் புத்துணர்ச்சி'.
தோட்டத்தில் பிறந்தவள், விடுவேனா?
சோயா எண்ணெய், மாப்பொருள், பால்மா,
பிறகு 'சினி'.
நெடில் உதிர்ந்து,
யார்மேலோ சினந்தாற்போல் நிற்கிறது சீனி.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அச்சடித்த இடத்தில்
தமிழ் தெரிந்த ஒருவர்கூட இல்லைபோல.

ஆப்பிள் சைடர் போத்தலில் 'தாயுடன்' என்றிருந்தது.
வெளிச்சத்தில் பிடித்தேன்.
அடியில் ஒரு கலங்கல்,
மழைக்கு முன் சிங்கமலையில் இறங்கும் மேகம்.
விலையைப் பார்த்தேன்.
மாமி மூன்று நாள் கொழுந்து எடுக்க வேண்டும்.
தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு, அம்மா.
இருந்த இடத்திலேயே இரு.

மூலையில், தூசியோடு, தென்னை வினாகிரி.
சேர்மானம்: தென்னங்கள்ளு.
அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி.
ஆடித் திரிந்த காலமெல்லாம் போய்
சுருக்கென்று உண்மை மட்டும் பேசும் ஆளைப்போல
வெறி தீர்ந்த கள்.
இதை எடுத்துக்கொண்டேன்.

கொட்டகலையில் சனிக்கிழமை இரவு,
சலாது இலை, லீக்ஸ், கரட், ஒரு மரத்தக்காளி.
வினாகிரி இரண்டு கரண்டி, அரைத்த கடுகு, உப்பு.
ஒலிவ் எண்ணெய்க்கு வழியில்லை.
தேங்காயெண்ணெயைச் சுடுதண்ணீரில் இளக்கி ஊற்றினேன்.
ஜனவரிக் குளிர் சும்மா இருக்குமா?
நான் கரண்டியை வைக்குமுன்
இலைக்கு இலை வெள்ளைத் துளி,
மாதா கோயில் மெழுகுதிரித் தட்டுப் போல.
புஷ்பநாதன் ஒரு வாய் மென்றார்,
மேலண்ணத்தை நாக்கால் சுரண்டினார்.
"ஆதி மனுசன் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான்.
பதுளைக்கு ரயில் ஏறுமுன்னயே
திரும்பிப் போயிருப்பான்."
நானும் சிரித்தேன். பசிதான் சிரிக்கவில்லை.

அரை மூடி தேங்காய் துருவி
தண்ணீர் காட்டாமல் பிழிந்தேன்.
வினாகிரியைச் சொட்டுச் சொட்டாய் விட்டேன்,
பால் திரையாதபடி.
அதே கடுகு, அதே உப்பு,
விதை எடுத்த பச்சைமிளகாய் ஒன்று.
இலையைப் போட்டுப் பிரட்டினால்
இலை ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போட்டது.
தட்டை வழித்துத் தின்றேன்.
அவர் மிச்சத்தை ரொட்டிக்குள் சுருட்டியதை
நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு ராவு இன்னொரு மூடி பிழிந்து
ஜாம் போத்தலில் அடைத்து ஜன்னலோரம் வைத்தேன்.
எண்ணெயைக் கெடுத்த குளிர்
பாலையாவது காக்கட்டும்.
நிலுக்ஷிக்குத்தான்.
கடதாசி ஒட்டி எழுதினேன்:
தேங்காய்ப்பால், கள்ளு வினாகிரி, கடுகு, உப்பு, மிளகாய்.
சீனி இல்லை.
தமிழ் மேலே, கொட்டை எழுத்தில்,
நெடிலை நெடிலாகவே.
கீழே அவளுக்காகச் சிங்களத்தில்.
அதைக் கொஞ்சம் சின்னதாய் எழுதிப் பார்க்கலாமா என்று
பேனை ஒரு நிமிஷம் நின்றது.
பிறகு, சீனிக்கு அங்கேயும் சீனிதானே என்று
அதே அளவில் எழுதினேன்.
கடதாசி போதவில்லை.
திகதியை மூடியில் போட்டேன்.