இரண்டே கோடு உள்ள புள்ளி

காய்ச்சல் யாரிடமிருந்து யாருக்கு என்று
புள்ளி வைத்துக் கோடு இழுப்பது என் வேலை.
கம்பம் ஆபீசில், மூன்று மாதமாக.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
விடியுமுன் கம்பமெட்டு ஏறும் ஜீப்புகள்,
ஏலத்தோட்டத்துக் கூலிகள், பரோட்டா மாஸ்டர்,
செக்போஸ்ட்டில் பெயர் கேட்டால் முறைக்கிற லாரிக்காரர்.
சொன்னவர்கள் சொன்னதை எழுதினோம்.
சொல்லாததைக்
கணக்குதான் சொல்ல வேண்டும்.

டீக்கடை பைஜுவை
இருவருக்கும் தெரியும் என்றால்
அதில் ஒரு சேதியும் இல்லை.
பைஜுவை யாருக்குத்தான் தெரியாது?
யாருமே போகாத வீட்டுக்கு
இருவர் போகிறார்கள் என்றால்
அது சேதி.
அபூர்வத்துக்குக் கனம் கூடுதல்;
மடக்கை எடுத்தால் எண்ணாகவே வந்து நிற்கும்.

சோதித்துப் பார்க்க
தெரிந்த கோடுகளில் பத்தில் ஒன்றை
நாங்களே அழித்துவிட்டு, கண்டுபிடி என்போம்.
ஒளித்த நூற்றெட்டில்
எண்பதைத் திருப்பித் தந்தது. நல்ல பிள்ளை.
ஆனால் பட்டியலின் தலையில்
நாங்கள் ஒளிக்காத ஒன்று:
137 – 290.

137 நான்.
"நீயும் மலை ஏறினவதானே" என்று
இன்ஸ்பெக்டர் என்னையும் சேர்த்திருந்தார்.
290 ஏலியாம்மா, வண்டன்மேடு.
பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு விடியலில்
"ஆளு போரா, நாலு பேரைக் கூட ஏத்து" என்று
டிரைவருக்குப் போனில் சொன்னவள்.
ஜீப்பில் பத்தொன்பது பேர்.
பத்தொன்பதாவது நான்.
ஆறாவது வளைவு.

அதன்பின்
அவள் ஏறும் பஸ்ஸில் நான் ஏறியதில்லை.
தொடர்பு இல்லை என்று படிவத்தில்
என் கையாலேயே எழுதினேன்.
பொய் இல்லை அது.

எங்களுக்குப் பொதுவாய் ஒரே ஆள்.
கிளீனர் பவுன்ராசு,
இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது.
அவன் படிவத்தை வேறொருத்தி எடுத்தாள்.
வருகிறவர்கள்: ஞாயிறு ஒருத்தர், புதன் ஒருத்தர்.
ஞாயிறு நான்.

அவன் ஜன்னலில்
நான் வாங்கிப்போகும் அதே களிம்பு
பிரிக்காமல் இன்னொன்று இருக்கும்,
கட்டப்பனைக் கடையின் விலைச்சீட்டோடு.
யார் தந்தது என்று நான் கேட்டதில்லை.
ஏற்கெனவே இருக்கு என்று
அவனும் சொன்னதில்லை,
இரண்டு பேரிடமும்.

"முதல் வரி தப்பு போலருக்கே, அழிச்சிரவா?"
இன்ஸ்பெக்டர் மவுஸில் விரல் வைத்திருந்தார்.
கோடு உண்டு என்பதுவரைதான் கணக்குக்குத் தெரியும்.
பகையா, கடனா,
ஒரே ராத்திரியில் இருவருக்கும் வராத தூக்கமா,
அதற்கு நிறம் பிரிக்கத் தெரியாது.
"இருக்கட்டும் சார். நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்."

ஞாயிறு வந்தது. நான் போகவில்லை.
புதன்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
காரணம்: காய்ச்சல்.