நின்ற லாரி

அப்ரஹெட்,
நீ கொடுத்தனுப்பிய பெட்டி அஸ்மாராவுக்கு வந்து சேர்ந்தது.
வோல்து அதை மடியில் வைத்துக்கொண்டே பறந்து வந்தாராம்,
எடை கூடிவிட்டதென்று ரோமில் இரண்டு சட்டைகளை விட்டுவிட்டு.
ஒரு சட்டை நான் வாங்கிக் கொடுத்தேன்.
இன்னொன்று உன் பாக்கி.

எண்ணெய்த்தாளைப் பிரித்தேன்.
நான்கு வீல் சிலிண்டர்கள், டூரினில் வார்த்தவை,
நாம் பிறக்குமுன் ஒட்டிய முத்திரை கிழியாமல்.
மெப்ரத் எட்டிப் பார்த்து "நகையா?" என்றாள்.
நகை போலத்தான் இருந்தன.
உள்ளிருந்த ரப்பர் கப் ஒன்றை எடுத்து
இரண்டு விரலால் மடக்கினேன்.
உடைந்தது,
அடுப்போரம் மறந்துபோன ரொட்டியைப் போல.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும்:
அசல், யாரும் தொடாதது.
நான் மருந்துக்கடையில் நிற்பவன், அக்கா.
யாரும் தொடாவிட்டாலும் தேதி தொட்டுவிடும்.

இரண்டாவது பெட்டி துபாய் வழியாக வந்தது,
மேலே பம்பாய் என்று அச்சு.
அங்கே நம் ஃபியட்டுக்கு வேறு பெயர் சூட்டி
டாக்சியாக ஓட்டித் தேய்த்தார்களாம்,
கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை.
இட்ரிஸ் நூர் சொன்னான், எங்கே கேட்டானோ.
ரப்பர் நன்றாக இருக்கிறது,
மூக்கருகே வைத்தால் புதுச்செருப்பு வாசம்.
இரும்புதான் கரடு.
உள்ளே விரலை விட்டுச் சுழற்றினால்
ஏதோ ஒரு மணல் துகள் பதில் சொல்கிறது.

மூன்றாவதற்குப் பெட்டியே இல்லை.
மெதபெர் சந்தையில், மிளகாய் அரைக்கும் எந்திரத்துக்கும்
பீப்பாயை அடுப்பாக்குகிறவனுக்கும் நடுவே
இட்ரிஸின் பட்டறை.
நம் பழைய ஷூக்களைச் சுரண்டி
வேறு லைனிங் வைத்து ரிவெட் அடித்திருந்தான்.
"எதனுடைய லைனிங்?"
"லாரியுடையது."
"எந்த லாரி?"
"நின்ற லாரி" என்றான்.

தொலைபேசியில் நீ கோபப்பட்டாய்.
கலப்படம் என்றாய்.
அப்பா வைத்திருந்தபடியே இருக்க வேண்டும் என்றாய்.
அக்கா, அப்பா வைத்திருந்தபோது
பின்சக்கரம் இரண்டும் பிடிக்காது.
உன்னிடம் யாரும் சொல்லவில்லை.
கடற்கரைக்கு இறங்கும்போது பாடத் தொடங்குவாரே,
அது பாட்டில்லை.
நீ பின்சீட்டில் கைதட்டினாய்.
நான் முன்னால் இருந்தேன்,
அவர் முழங்கால் எனக்குத் தெரியும்.

உன் பொலோன்யா சமதளம் என்கிறார்கள்.
இங்கே வீட்டுவாசலைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால்
ஏழாயிரம் அடி, கடல் வரைக்கும் இறக்கம்.
ஆகவே இப்படி முடித்தேன்:
இரும்பு டூரின், ரப்பர் பம்பாய்,
லைனிங் அந்த லாரி.
பைப்புகள் மட்டும் எல்லாமே புதிது.
அதில் பேரம்கூடப் பேசவில்லை.

சனிக்கிழமை நெஃபாசித் வரை இறங்கினேன், தனியாக.
மெப்ரத் பின்னால் பேருந்தில் வந்தாள்,
மண்குதிரையில் இரண்டு பேர் எதற்கு என்று.
வளைவொன்றில் மேகம் ஏறி வந்து சாலையை மூடியது.
மேகத்துக்குள் ஒரு பபூன்,
நட்டநடுவே உட்கார்ந்து
குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.
மிதித்தேன்.
பெடல் பாதி இறங்கிக் கல்லாய் நின்றது.
வண்டியும் நின்றது.
பபூன் எழுந்திருக்கவில்லை.
எனக்கும் ஹாரன் அடிக்கத் தோன்றவில்லை.
வாயில் ஏதோ மெட்டு இருந்தது,
எப்போது ஆரம்பித்தேனோ.

இறங்கி டிரம்களைத் தொட்டுப் பார்த்தேன்.
மூன்று சுட்டன.
வலது முன்சக்கரம் மட்டும் வெதுவெதுப்பு,
அதனால்தான் இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது.
திங்களன்று மறுபடியும் கழற்ற வேண்டும்.

யாராவது வந்தால் பிரேக் ஆயில் கொடுத்தனுப்பு,
இந்த வருடத் தேதி பார்த்து.
சட்டையை மறந்துவிடாதே.
வோல்துவின் கழுத்தளவு பதினாறு.